தோள் அறுவைக்குப் பின் பயிற்சி: கோவைக்கு இறங்குவதா, மலையிலேயே செய்வதா?

கிழிந்த தோள்பட்டைத் தசைநாணை எலும்போடு சேர்த்துத் தைக்கும் அறுவைக்காக நீலகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு இறங்குகிறவர்கள், வீடு திரும்பியதும் பிசியோதெரபிக்கு எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கோத்தகிரிக்கு அருகே வசிக்கும் என் அம்மாவுக்காக மூன்று வழிகளையும் பார்த்தோம்: அறுவை செய்த மருத்துவமனைக்கே வாரந்தோறும் போவது, உள்ளூர் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுவது, மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய பயிற்சித் தாளைப் பார்த்து வீட்டிலேயே செய்வது.

முதல் 4 முதல் 6 வாரங்களுக்கு வீடே மேல். கை ஸ்லிங்கில் (கழுத்திலிருந்து கையைத் தாங்கும் பட்டையில்) இருக்கும் அந்நாட்களில் விரல்களையும் முழங்கையையும் மடக்கி நீட்டுவதும், மருத்துவர் அனுமதித்தால் குனிந்து நின்று கையைத் தளரவிட்டு ஊசல்போல் ஆட்டுவதுமே பயிற்சி. இதற்காக வாரந்தோறும் பேருந்தில் ஏறினால், கொண்டை ஊசி வளைவில் உடல் சாயும்போது கை தன்னையறியாமல் கம்பியைப் பிடிக்கப் போகும். தைத்த இடம் அந்த இழுப்பைத் தாங்காது. மருத்துவர் குறித்த நாட்களில் மட்டும், முடிந்தால் காரில், இறங்கினால் போதும்.

ஸ்லிங் கழன்ற பின் நிலைமை மாறுகிறது. சுவரில் விரல்களை மேலே நகர்த்தும் பயிற்சியில் அம்மாவின் கை நாளுக்கு நாள் உயர்வதாக வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருந்தோம். உள்ளூர் பிசியோதெரபிஸ்ட் தோள்பட்டையை மேலெழாதபடி பிடித்துக்கொண்டு மறுபடி செய்யச் சொன்னபோது, கை நெற்றி உயரத்தோடு நின்றுவிட்டது. அதுவரை அம்மா தோளைக் காதருகே தூக்கியும் முதுகைச் சாய்த்துமே உயரத்தை எட்டியிருந்தார். இந்தத் தவற்றைத் தாள் கண்டுபிடிக்காது. ஆகவே இக்கட்டத்தில் அடிக்கடி போகக்கூடிய தொலைவில் இருப்பவரே சிறந்தவர் என்பது என் முடிவு.

கோவையின் உண்மையான பலம் வேறு. கிழிசல் எவ்வளவு பெரியது, எந்தத் தசைநாண் தைக்கப்பட்டது, எந்த அசைவு எத்தனை வாரம் கூடாது என்பதெல்லாம் அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதை அறுவை செய்தவரிடமே எழுதி வாங்கி உள்ளூர் பிசியோதெரபிஸ்டிடம் கொடுத்துவிட்டால் அந்த இடைவெளி பெரும்பாலும் அடைபடும். வெளியே செல்லவே இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்படும் பிசியோதெரபி தங்களுக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த வழியிலும் கவனம் மிகத் தேவைப்படுவது இரண்டாம், மூன்றாம் மாதங்களில்தான். வலி அடங்கிவிடும், ஆனால் தசைநாண் எலும்போடு ஒட்டிக்கொள்ளவே ஏறக்குறைய 12 வாரங்கள் ஆகும், வலுப்பெற இன்னும் பல மாதங்கள் செல்லும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வலியில்லை என்று கூடையைச் சுமக்கத் தொடங்குவது இந்நேரத்தில்தான். தோளின் இறுக்கத்தைப் பின்னர் பெரும்பாலும் பயிற்சியால் தளர்த்திவிடலாம். தைத்தது மறுபடி கிழிந்தால் இன்னொரு அறுவை வரை போகக்கூடும். எனவே, கையை வலிக்க வலிக்க அழுத்தி உயர்த்துகிறவர் எவ்வளவு அருகில் இருந்தாலும் அவரைத் தவிர்த்துவிடுங்கள். அம்மா இப்போது வாரம் இருமுறை உள்ளூரிலும், மாதம் ஒருமுறை கோவையிலும் காட்டி வருகிறார். குளிர்ந்த காலைகளில் தோளுக்கு வெந்நீர்ப் பை வைத்த பிறகே பயிற்சியைத் தொடங்குகிறார்.