இடக்கை மட்டும் கறுப்பு

தொண்டியில் இருக்கும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "உங்கள் பட்டறை அலமாரியில் நிற்கிறதே, கையைக் காலைக் கழற்றி மாட்டும் பொம்மை, அது இப்போது கழிவு விலையில் வருகிறதாம். பையனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?"

வேண்டாம் என்றேன். பிறகு ஒரு மணி நேரம் அதன் பெருமையைப் பேசினேன். பேசி முடித்தபோது மனிதர் முன்னைவிடக் குழம்பிப் போயிருந்தார். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். அந்த வகைப் பொம்மைக்குக் கிளையோஸ் என்று பெயர்; கை, கால், தலை எல்லாம் முளையும் துளையுமாகப் பொருந்தும். எங்கே கிடைக்கும், எத்தனை அங்குல உயரம் என்பதற்குள் நான் போகவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது என் ஆறு வருட எரிச்சல்.

மண்டபம் ஊரில் நாட்டுப்படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். கப்பலில் வேலை செய்யும் அத்தான் 2016-இல் விடுமுறைக்கு வந்தபோது மருமகனுக்காக நான்கு உருவங்கள் கொண்டுவந்தார். உள்ளங்கை நீளம், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் கடல்நீலம். ஒவ்வொன்றிலும் 16 துண்டுகள். மருமகன் பத்து நிமிடத்தில் நான்கையும் பிரித்து, எட்டுக் கால்களையும் ஒரே உடம்பில் செருகி நண்டு ஒன்றைச் செய்துவிட்டான். மிச்சமிருந்த மூன்று உடம்புகளும் தலையும் கையுமாகத் தரையில் கிடந்தன. "மாமா, இவங்க மூணு பேரும் நண்டுகிட்ட காலை வாடகைக்குக் கேக்குறாங்க" என்றான். அன்று பிடித்த பைத்தியம் எனக்கு. அவனுக்கு அது ஆறே மாதத்தில் தெளிந்துவிட்டது.

என்னைப் பிடித்து இழுத்தது அந்த முளை. ஒரு துண்டில் சின்ன உருளை முளை, நுனியில் லேசான விளிம்பு. எதிர்த் துண்டில் அதற்கான துளை. அழுத்தினால் "டக்" என்று உட்காரும், சுழலும், இழுத்தால் கழன்று வரும். திருகாணி கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, இரும்பு என்று ஒரு பொட்டுகூடக் கிடையாது. கடற்கரையில் குடியிருக்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் என் பட்டறையில் புது ஸ்பேனர்கூட வாரத்தில் செம்பட்டை பூத்துவிடும். மருமகனின் மற்ற பொம்மைகளில் முழங்காலுக்குள் இருந்த திருகாணி துருப்பிடித்து, பிளாஸ்டிக்கின் வழியே பழுப்பு நிறத்தில் கசிந்து, கால் வெடித்தே போனது. இந்த நான்குக்கும் அந்த வியாதி வரவில்லை.

வேறு வியாதிகள் வந்தன. மூடிய டப்பாவில் வைத்தால் உடம்பு பிசுபிசுக்கிறது. மென்மையான பிவிசி எதுவும் புழுக்கத்தில் அப்படித்தான், உள்ளே கலந்த எண்ணெய்ச் சத்து மேலே வந்து நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்தால் கால் தளர்ந்து குடிகாரன்போல ஒரு பக்கம் சாய்கிறது. கொதித்து இறக்கிய வெந்நீரில் காலை முக்கி, நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் நிமிர்ந்துகொள்ளும். இவற்றையெல்லாம் நான் குறையாகவே சேர்க்கவில்லை. வள்ளத்துக்கு வருடா வருடம் எண்ணெய் பூசுகிறோமே, அதுபோல.

இந்த முளை யாருடைய யோசனை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மரியாதை கூடியது. ஜப்பானில் தகாரா நிறுவனம் 1974-இல் மைக்ரோமேன் என்ற பொம்மை வரிசையைக் கொண்டுவந்தது. 1976-இல் அதையே அமெரிக்காவில் மீகோ நிறுவனம் மைக்ரோநாட்ஸ் என்று விற்றது. அவற்றில் 5 மில்லிமீட்டர் முளையும் துளையும் பொதுவாக இருந்ததால், ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றி இன்னொரு இயந்திரத்தின் தோளில் செருகலாம். ஆனால் எல்லாம் ஒரே கம்பெனியின் சரக்கு. தன் வீட்டு முளை தன் வீட்டுத் துளைக்குப் பொருந்துவதில் என்ன அதிசயம்?

2000-களின் பிற்பகுதியில் ஓனெல் டிசைன் என்ற பெயரில் மாட் டாட்டி என்பவர் கிளையோஸைத் தொடங்கினார். ஃபேடன் என்பது அதன் முதல் உருவங்களில் ஒன்று. இங்கேதான் கதை மாறுகிறது. பெரிய கம்பெனி என்றால் இந்த முளையைப் பூட்டிப் பத்திரப்படுத்தியிருக்கும். இவரோ தன்னைப்போன்ற சின்னத் தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டார். ஃபோர் ஹார்ஸ்மென் என்ற சிற்பிகள் குழு, 1968-இல் கலர்ஃபார்ம்ஸ் வெளியிட்ட அவுட்டர் ஸ்பேஸ் மென் உருவங்களுக்கு 2010-இல் மறுபடி உயிர் கொடுத்தபோது இந்த இணைப்பையே வைத்தது. மெல் பர்ன்கிராண்ட் வடிவமைத்த அந்தப் பழைய உருவங்கள் உள்ளே கம்பி வைத்து வளைப்பவை. புதியவை பிரித்து மாட்டுபவை. டாய்ஃபினிட்டி என்ற சின்ன நிறுவனம், 1984-இல் ஐடியல் கம்பெனி விற்ற ரோபோ ஃபோர்ஸ் இயந்திர மனிதர்களை இதே முளையோடு எழுப்பியது. ஸ்பை மங்கி, ராஷார்க், டாய் பிட்சா என்று பட்டியல் நீளும். ஒருவர் செய்த தலை இன்னொருவர் செய்த கழுத்தில் உட்காரும்.

இதில் தர்ம சிந்தனை மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை, கணக்கும் இருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மையில் பெரும்பணம் எஃகு அச்சில் போய்விடுகிறது. பத்துத் துண்டு வார்த்தாலும் பத்தாயிரம் வார்த்தாலும் அச்சுக்கூலி ஒன்றுதான். ஆலைக்காரரும் இத்தனைக்குக் குறைந்தால் இயந்திரத்தை ஓட்ட மாட்டேன் என்பார். தனியாளால் ஐம்பது உருவங்களுக்கு அச்சு வெட்ட முடியாது. ஒரே ஓர் உருவத்துக்கு வெட்டலாம். பக்கத்து ஆள் ஒன்று வெட்டுவார், அதற்கடுத்தவர் ஆயுதங்களும் கவசமும் மட்டும் வெட்டுவார். முளை ஒன்றாக இருந்துவிட்டால் மூவரின் சரக்கும் சேர்ந்து ஒரு பெரிய கடையாகிவிடுகிறது. ஒருவருடைய வாடிக்கையாளர் மற்றவருக்கும் வாடிக்கையாளர். எஃகு அச்சுக்கும் வழியில்லாதவர் சிலிக்கோன் ரப்பர் அச்சில் ரெசின் என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசினை ஊற்றி வீட்டிலேயே ஒரு தலையைச் செய்து இதே கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறார். (ரெசின் முளையைப் பிவிசி துளையில் அடிக்கடி மாட்டிக் கழற்றாதீர்கள். ரெசின் கடினம், துளை அகன்றுவிடும், அல்லது முளை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். அனுபவித்தவன் சொல்கிறேன்.)

இன்ஜின்காரனுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று நண்பர் கேட்டார். என் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் புரியும். 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, 5/16 அங்குல போல்ட் ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தடிமனில் மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்குதான் வித்தியாசம். ஆனால் மரை வேறு. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், மூன்றாவதில் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அவசரக்காரன் அழுத்தித் திருகி மரையைத் தின்றுவிடுவான். அந்த இன்ஜின் பிறகு என்னிடம் வரும். மூன்று கம்பெனி இன்ஜின்கள் ஒரே கரையில், ஒரே கடலில், ஒரே மீனுக்காக ஓடுகின்றன. ஒன்றின் பம்ப் மற்றொன்றுக்கு ஆகாது. கோடிகள் புரளும் இடத்தில் நடக்காத ஒற்றுமை, பொம்மைக்காரர்களுக்குள் நடந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். நுங்கு வண்டியில் ஒரு பக்கத்துக் கூடு கிழிந்தால் எந்த மரத்து நுங்கின் கூட்டை வேண்டுமானாலும் குச்சியில் செருகி ஓட்டுவோம். யாரும் மரம் பார்த்ததில்லை.

இவ்வளவு பாராட்டியாகிவிட்டது. இனி என் வயிற்றெரிச்சல்.

2019 மார்கழியில், மழை ஈரத்தில், நான்கில் ஒன்றின் இடது தோள் இறுகிக்கொண்டது. வெந்நீர் வைக்கச் சோம்பல்பட்டு இழுத்தேன். முழு இன்ஜினையே இறக்கி ஏற்றுகிறவன், ஒரு பொம்மைக் கைக்கு வெந்நீர் வைக்க மாட்டேன் என்றால் அது கொழுப்புத்தான். முளை ஒடிந்து துளைக்குள் நின்றுவிட்டது. ஒடிந்த போல்ட்டை எடுக்கிற வித்தையையே செய்தேன். முளையின் நடுவில் சூடான ஊசியால் குழி போட்டு, மெல்லிய திருகாணியை அரைச்சுற்று அரைச்சுற்றாக ஏற்றி, வெந்நீரில் முக்கி எடுத்து, குறடால் பிடித்து நேராக இழுத்தேன். துளைக்குச் சேதமில்லாமல் வந்துவிட்டது. அன்று இருந்த பெருமிதம் என் முதல் டீசல் பம்ப்பைச் சரி செய்த நாளில்கூட இருந்ததில்லை. கைதான் போய்விட்டது. போனால் என்ன, ஊரெல்லாம் ஒரே முளைதானே, மாற்றுக்கை வாங்கினால் ஆயிற்று என்று உட்கார்ந்தேன்.

கை கிடைத்தது. கறுப்பில் கிடைத்தது. பச்சையில் கிடைத்தது. இருட்டில் ஒளிரும் வெளிர்மஞ்சளில் கிடைத்தது. என் கடல்நீலத்தில் மட்டும் கிடைக்கவில்லை.

இந்தச் சின்னத் தயாரிப்பாளர்களின் பிழைப்பே நிறத்தில்தான் இருக்கிறது. அச்சுக்குக் கொட்டிய பணத்தை எடுக்க, அதே அச்சில் இந்த மாதம் சிவப்பு, அடுத்த தடவை ஊதா, பிறகு கண்ணாடி நிறம் என்று வார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் வரும். வந்ததைச் சேகரிப்பாளர்கள் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். போன நிறம் போனதுதான். அப்படியே திரும்பி வந்தாலும் ஒரு சாயல் தள்ளி வரும். யாருடைய உருவம் என்னிடம் இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை, அவரைத் திட்டுவது என் நோக்கமில்லை. கடிதம் போட்டேன், அந்த நிறம் இனி இல்லை என்று பணிவாகப் பதில் வந்தது. அந்தப் பணிவில்தான் எனக்கு ஆத்திரம் அதிகமானது.

யோசித்தால் நியாயம் அவர் பக்கம்தான். நிறத்தை மாற்றாவிட்டால் அச்சுக் கடன் அடையாது, கடன் அடையாவிட்டால் முளையும் இல்லை, நானும் இல்லை. மாற்றுக்கையைக் கொண்டுவந்ததும் அதே ஏற்பாடுதான், அது என் நிறத்தில் வராததற்குக் காரணமும் அதே ஏற்பாடுதான். இதெல்லாம் அறிவுக்குத் தெரிகிறது. அலமாரியைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்தக் கறுப்புக் கை. ஆறு வருடங்களாக மூன்று முழு நீலமும் ஒரு கறுப்புக்கைக்காரனும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓட்டாமல் கிடக்கும் படகை உடைத்து உதிரி எடுப்பதுபோல இன்னொன்றின் கையைக் கழற்றி மாட்டலாம்தான். அப்போது அதற்குக் கறுப்புக் கை வரும்.

மருமகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். பொங்கலுக்கு வந்தவனிடம் புலம்பினேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் மாமா நல்லா இருக்கு, மத்த மூணும் கடையில வாங்கினது மாதிரி இருக்கு" என்றான். சொல்லிவிட்டு அவன் பஸ்ஸுக்குப் போய்விட்டான். எனக்கு அது ஆறுதலாகப்படவில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கழிவு விலை என்று நண்பர் சொன்னது பொம்மைக்கு மட்டும்தான். கடல் கடந்து வரும் ஒற்றைப் பொட்டலத்துக்குத் தபால் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் பொம்மை விலையைத் தாண்டிவிடுகிறது. ஒரு கைக்காக நான் கொடுத்ததை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் கட்டுப்படியாகும். எட்டு வயதுப் பையனுக்கு இதன் ஆயுள் ஆறு மாதம், அதற்குப் பிறகு தகப்பனைப் பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், துண்டுகள் தொண்டைக்குள் போகிற அளவு.

ஆக, தொண்டி நண்பருக்கு என் பதில் மாறவில்லை: வாங்க வேண்டாம். உறுதியில் குறையில்லை, முளை ஒன்பது வருடத்தில் என் கொழுப்பால் ஒன்றைத் தவிர வேறு எதுவும் ஒடியவில்லை, எந்தக் கம்பெனித் தலையும் இன்றும் "டக்" என்று உட்காருகிறது. இருந்தாலும் வேண்டாம். நேற்றும் அந்தக் கறுப்புக் கையைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒளி ஊடுருவும் கடல்நீலத்தில், 2016 வாக்கில் வார்த்த இடது மேல் கை யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பதிலுக்குக் கறுப்பில் இரண்டு தருகிறேன். தபால் கூலி என்னுடையது.