ஈ-ராரா தளத்தில் ரிச்சியோலியின் முகப்புப்படம்: தராசு ஏந்திய பெண் யார்?

சுவிட்சர்லாந்து நூலகங்களில் உள்ள அரிய அச்சு நூல்களை எவரும் கட்டணமின்றிப் பார்க்கத் தரும் ஈ-ராரா, பரோக் காலச் (பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய ஐரோப்பியக் கலைக்காலம்) செதுக்குப்படங்களைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு மிகவும் ஏற்ற தளம். அதன் தரத்தைச் சோதிக்க, இயேசு சபைத் துறவியும் வானியலாளருமான ஜொவான்னி பத்திஸ்தா ரிச்சியோலி 1651-இல் இத்தாலியின் பொலோனியாவில் வெளியிட்ட 'அல்மாகெஸ்டும் நோவும்' என்ற வானியல் நூலின் முகப்புப்படத்தை எடுத்துக்கொண்டேன். அதைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ குர்தி.

படத்தின் வலப்புறம் நிற்கும் பெண்ணின் தராசில் சூரியனை மையமாகக் கொண்ட கோப்பர்நிக்கஸின் அண்ட அமைப்பு இலேசாகி மேலே எழ, பூமியை மையத்தில் அசையாமல் நிறுத்தும் ரிச்சியோலியின் சொந்த அமைப்பு கனத்துத் தாழ்கிறது. பண்டைய வானியலாளர் தாலமி, பூமியை மையமாகக் கொண்ட தம் பழைய அமைப்போடு தரையில் சாய்ந்து கிடக்கிறார். தராசை மட்டும் கண்டால் அவளை நீதிதேவதை அஸ்திரேயா என்று முடிவு கட்டிவிடலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் ஆடையெங்கும் விண்மீன்கள் தெளிகின்றன. வான்வட்டங்களை வளையங்களால் காட்டும் கருவியான வளையக் கோளமும் கண்ணில் படுகிறது. இவை வானியலின் கலைதேவதை யுரேனியாவுக்கு உரியவை. உருவகச் சின்னங்களை விளக்கும் கையேடான செசாரே ரிப்பாவின் 'இக்கோனோலோஜியா'வும் தராசை நீதிக்கும், விண்மீன்களையும் கோளத்தையும் வான்கலைக்கும் அளிக்கிறது. ஆய்வாளர்கள் இரண்டு பெயர்களையும் வழங்குகிறார்கள். வானியல் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் வானியலும் அறிந்திருக்க வேண்டும் என்பதால், இரு தேவதையரின் அடையாளங்களும் வேண்டுமென்றே கலக்கப்பட்டன என்று நான் கருதுகிறேன். தம் வழக்குக்குத் தாமே நீதிபதியை அமர்த்திய ஆசிரியரின் துணிச்சலையும் பாராட்டத்தான் வேண்டும்! அவளருகே பொறித்துள்ள பைபிளின் சங்கீதப் புத்தக வாசகம், பூமி என்றென்றும் அசையாது என்று தீர்ப்பை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

எதிரே, கிரேக்கப் புராணத்தில் வரும், உடலெங்கும் கண்கள் கொண்ட ஆர்கஸ் நிற்கிறான்; தொலைநோக்கியை அவன் முழங்காலில் உள்ள கண்ணுக்கு நேராகப் பிடித்திருக்கும் வேடிக்கையைச் சிறிய படத்தில் எளிதாகத் தவறவிடுவோம்.

தளத்தின் குறை, உருவங்களைப் பற்றிய விளக்கம் எதுவும் பக்கத்தோடு வராததுதான். இலத்தீன் வாசகங்களை வாசகரே பொருள்கொள்ள வேண்டும். தமிழ் இடைமுகமும் கிடையாது. ஆயத்த விடை தேடுபவர்களுக்கு இது போதாது. ஓர் உருவத்தின் ஆடை, கைப்பொருள், அருகிலுள்ள எழுத்து ஆகியவற்றை ஒப்பிட்டுத் தாமே முடிவெடுக்க விரும்புபவர்கள், ரிப்பா நூலின் 1603-ஆம் ஆண்டுப் படப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.