சினை நாய்க்குப் பராமரிப்பு 'பேக்கேஜ்': முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள்

சினையாக இருக்கும் நாயை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்கிறோம், குட்டி போடும் நேரத்தில் ராத்திரியானாலும் வந்து நிற்போம் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்கள் இப்போது நிறைய கிளம்பியிருக்கிறார்கள். நாங்கள் கட்டியது 18,500 ரூபாய். குட்டி போடும் ராத்திரி ஒருவரும் வரவில்லை. எங்கள் பொம்மி பிழைத்துவிட்டாள். ஐந்து குட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை.

பொம்மி காக்கர் ஸ்பேனியல், இது அவளுக்கு முதல் ஈற்று. செல்லப்பிராணிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில்தான் இந்த பேக்கேஜைப் பார்த்தோம். பெயர் இங்கே வேண்டாம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. வாராவாரம் வீட்டுக்கு வந்து பரிசோதனை, ஸ்கேனுக்கு ஏற்பாடு, பிரசவத்துக்கு 24 மணி நேர அழைப்பு, அதற்குப் பிறகு குட்டிகளைப் பார்க்க இரண்டு வாரம். எல்லாம் சேர்த்து 18,500. தவணை கிடையாது.

வந்தவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். உள்ளே வந்ததும் நாயைத் தொடவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, அவளாக வந்து முகரும்வரை காத்திருந்தார். புது ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும் பொம்மி, அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அந்த நீளக் காதைத் தூக்கிப் பார்த்து, "சீழ் வாசனை எதுவும் இல்ல, நல்லா வெச்சிருக்கீங்க மேடம்" என்றார். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. "தம்பி, நீங்க இருக்கிற தைரியத்துலதான் நாங்க இருக்கோம்" என்று காபி போட்டுக் கொடுத்தார். "ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஒரு போன் போதும்மா" என்றார் அவர். அந்த வார்த்தைக்குத்தான் 18,500 ரூபாய்.

முதல் சில வாரம் ஒழுங்காக வந்தார். ஒரு கால்சியம் டானிக்கைத் தனியாக எங்களிடமே விற்று, தினமும் ஊற்றச் சொன்னார். சினையாகி ஐம்பத்தைந்து நாள் தாண்டியதும் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் குட்டிக்கு ஆகாது மேடம்" என்று சொல்லிவிட்டு, வயிற்றைத் தடவி "மூணு குட்டி" என்றார்.

வலி வந்த அன்று சாயங்காலமே போன் செய்தோம். "டிராஃபிக்ல இருக்கேன், வந்துட்டே இருக்கேன்" என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. பொம்மி விடாமல் முக்கிக்கொண்டிருந்தாள், எதுவும் வெளியே வரவில்லை. கரும்பச்சையாகத் திரவம் வடிய ஆரம்பித்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு மட்டும் பதில் வந்தது: "நார்மல்தான். மெடிக்கல் ஷாப்ல ஆக்சிடோசின் வாங்கி நீங்களே ஒரு ஊசி போட்டுடுங்க."

ஊசி போடவில்லை. ஆட்டோ பிடித்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். முதல் குட்டி குறுக்கே சிக்கியிருந்தது. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். ஒரு குட்டி வெளியே வராமலே பச்சைத் திரவம் வந்தால் உள்ளே நஞ்சுக்கொடி பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். குட்டிக்குப் போகிற ஆக்சிஜன் அத்தோடு குறையும். ஆக்சிடோசின் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து, வழி அடைபட்டிருக்கும்போது அதைப் போட்டிருந்தால் கர்ப்பப்பையே கிழிந்திருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த டானிக் விஷயமும் அங்கேதான் தெரிந்தது. சினைக் காலத்தில் தேவையில்லாமல் கால்சியம் கொடுத்தால், எலும்பிலிருந்து தானே கால்சியம் எடுத்துக்கொள்ளும் உடம்பின் வேலை மந்தமாகிவிடும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பால் அதிகமாகச் சுரக்கும்போது ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி நடுக்கம், வலிப்பு என்று போகும். சின்ன வகை நாய்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். பொம்மிக்கு அந்தக் கட்டம் இனிமேல்தான் வரப்போகிறது. அவள் கொஞ்சம் அதிகமாக மூச்சிரைத்தாலே எங்களுக்கு உயிர் போய் வருகிறது.

இனி பணத்துக்கு வருகிறேன். அந்த ஆள் முதலில் சொன்னது, "நீங்கதான் லேட் பண்ணிட்டீங்க." உங்கள் பதிவு எண்ணைக் கொடுங்கள் என்றதும், "நான் டாக்டர்னு எப்ப மேடம் சொன்னேன்? நான் உதவியாளர்தான்" என்றார். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஆப்பில் புகார் போட்டால் "உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவழியாக ஒரு பெண் பேசினார். பிரசவ வருகை முடிந்ததாக அவர்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதாம்! வராதவர், வந்ததாகக் குறித்துவிட்டார். ஆஸ்பத்திரி ரசீதை அனுப்பினேன். "பராமரிப்பாளர் தனி ஒப்பந்ததாரர், நாங்கள் இணைத்துவிடுவது மட்டும்தான்" என்றார்கள். பணத்தை வாங்கியது நீங்கள்தானே என்று கேட்டதற்கு, அடுத்த புக்கிங்கில் 500 ரூபாய் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். 18,500 ரூபாய்க்கும் ஒரு உயிருக்கும் 500 ரூபாய் கூப்பன். மறுநாள் புகாரையே 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நாயைத் தொடும் முன் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஐம்பத்தைந்து நாளுக்குப் பிறகு டாக்டர் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரேவால் குட்டிக்குக் கெடுதல் இல்லை, எத்தனை குட்டி என்று தெரிந்துவிடும். கடைசி வாரம் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101, 102 இருக்கும் சூடு 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி வரும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், அல்லது குட்டிக்கு முன்னால் பச்சை வந்தால், யாருக்காகவும் காத்திருக்காமல் கிளம்புங்கள். எந்த மருத்துவமனை ராத்திரியில் திறந்திருக்கும் என்று முன்பே நேரில் போய்க் கேட்டுவையுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்கிறார்கள். இதே ஆப்பில் இதே மாதிரி பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதையும் அந்த ஆளோடு பேசிய குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள், எனக்கு எழுதுங்கள். சேர்ந்து போகலாம்.