4294967297-ஐத் தட்டிப் பார்த்து வாங்கிய கால்குலேட்டர்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பழைய கால்குலேட்டரில் 7 அமுங்காமல் போனதால், போன மாதம் புதிதாக ஓர் அறிவியல் கால்குலேட்டர் வாங்கினேன். பத்து இலக்கம் வரையுள்ள எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும் வசதி இதில் உண்டு. எண்ணைத் தட்டி, சமக்குறியை அழுத்திவிட்டு, ஷிஃப்டோடு ஃபாக்ட் பொத்தானை அழுத்த வேண்டும்.

கடையில் நின்றபடியே 4294967297-ஐத் தட்டினேன். 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இது. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள் என்பதால், அதே வரிசையில் அடுத்து வரும் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர், 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று கண்டுபிடித்தார். திரையில் 641×(6700417) என்று வந்தது. அப்போதே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி, "அந்த அடைப்புக்குறி எதற்கு, டீச்சர்?" என்று கேட்டாள். கையேட்டில் பொடி எழுத்தில் விடை இருந்தது: மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் கருவி முயலும், மிச்சத்தைப் பிரிக்காமல் அடைப்புக்குறிக்குள் வைத்துவிடும். 6700417 பகா எண்தானா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்தோம். நம் பத்து இலக்க எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. வகுத்ததில் வந்த மீதிகள் 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடப் பூஜ்யமில்லை. ஆகவே பகா எண்தான். பத்தே நிமிட வேலை, அதற்குள் பிள்ளைகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

641 வகுக்கும் என்பதற்குக் கால்குலேட்டரே வேண்டாம். 641 என்பது 5×2⁷+1. அதுவே 5⁴+2⁴-உம் ஆகும். 641-ஆல் வகுத்துப் பார்க்கையில் 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. 5⁴+2⁴ என்பது 641 என்பதால், இதில் 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ வைத்தால் −2³²-க்கு மீதி 1. அப்படியென்றால் 2³²+1 மீதியின்றி வகுபட்டாக வேண்டும். இவ்வளவு அழகான நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கை சிலிர்க்கிறது.

பொத்தான்கள் மெத்தென்று அமுங்குகின்றன, திரை வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது. மூடிதான் இறுக்கம். அடைப்புக்குறியின் பொருளைக் கையேட்டில் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். பெருக்கலுக்குப் போட்ட குறி என்று நினைத்து முழு விடையும் வந்துவிட்டதாக எழுதிவைக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். மற்றபடி தாராளமாக வாங்கலாம். வரிசையில் அடுத்த எண்ணான 18446744073709551617-க்கு இருபது இலக்கம். அது இந்தத் திரையில் அடங்காது. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.