நகரத்தின் நடுவே வீடு: பழைய கட்டடமா, புதுக் கோபுரமா?

நகரத்தின் மையத்திலேயே வீடு வேண்டும் என்று தேடுபவர்கள் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிப் பழைய கட்டடம். இன்னொன்று, அதே தெருவில் எதையோ இடித்துவிட்டு எழுப்பிய இருபது மாடிக் கோபுரம். நான் இரண்டிலும் வாடகைக்கு இருந்திருக்கிறேன். என் ஓட்டு பழையதற்குத்தான்.

முதலில் விலை. மையத்தை நெருங்க நெருங்க நிலம் ஏன் விலை ஏறுகிறது என்பதைப் பொருளாதார அறிஞர் வில்லியம் அலோன்சோ 1964-இல் விளக்கினார்: போய்வரும் செலவு மிச்சமாகிற இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க ஆட்கள் போட்டி போடுவார்கள். நிலம் அந்த விலை என்றால் கட்டுபவர் மாடிகளை அடுக்குவார், வீட்டைச் சின்னதாக்குவார். ஆனால் எவ்வளவு சின்ன வீடானாலும் சமையலறையும் குளியலறையும் இருந்தே ஆக வேண்டும், குழாய், ஓடு என்று காசு கரைவதும் அங்கேதான், அதனால் மொத்தத் தொகை குறைவாகத் தெரிந்தாலும் சதுர அடிக்குப் பார்த்தால் பெரும்பாலும் சின்ன ஃப்ளாட்தான் விலை கூடுதல். அப்புறம், 'இந்த ஏரியாவில் சராசரி விலை இவ்வளவு' என்று யாராவது சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உச்சி மாடியில் நாலு ஆடம்பர வீடு விற்றாலே சராசரி எகிறிவிடும். இடைநிலை விலையைக் கேளுங்கள், அதாவது விற்ற வீடுகளை விலைப்படி வரிசையாக வைத்தால் நடுவில் வரும் விலை.

பராமரிப்பில் கோபுரம் மாதாமாதம் பிடுங்கும். பழையது பல வருடம் சும்மா இருந்துவிட்டு, கூரை ஒழுகும்போது மொத்தமாகக் கேட்கும்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. அதைக் கட்டடத்தின் வரைபடமே பாதி முடிவு செய்துவிடுகிறது. ஒற்றைப் படுக்கையறை வீடுகளாகவே கட்டினால் தனியாட்களும் இளம் தம்பதிகளும் வருவார்கள், குழந்தை பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். நான் இருந்த கோபுரத்தில் தபால் பெட்டிகளின் மேல் பெயர்ச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும், என்னுடையதற்கு அடியில் மட்டும் மூன்று பெயர்கள். பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படித்திருப்பத்தில் ஒரு மர நாற்காலி கிடந்தது. மேலே இருந்த பாட்டி ஏறும்போது மூச்சு வாங்க உட்காருவதற்காக யாரோ போட்டது. இடைஞ்சல்தான், ஆனாலும் நான் இருந்த நாலு வருடமும் யாரும் அதை எடுக்கவில்லை. மாணவர்கள், பல வருட வாடகைக்காரர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்தோம்.

பழையது என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டனின் உழைக்கும் மக்கள் தெருக்களில் வசதியானவர்கள் குடியேற, பழையவர்கள் வெளியேற நேர்ந்ததைப் பார்த்துச் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் வைத்ததும் 1964-இல்தான். பக்கத்துக் கட்டடம் கைமாறிப் புதுப்பிக்கப்படுகிறது என்றால், வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், எவ்வளவு ஏற்றம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலியுள்ள பெற்றோர் கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லிஃப்ட் உள்ள கோபுரத்துக்கே போங்கள். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன், இரவு ஒன்பது மணிக்கு எதிர்ப்பக்கம் நின்று எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். சில நாள் விட்டு இன்னொரு தடவையும் போய் எண்ணுங்கள். அதே ஜன்னல்கள் அப்போதும் இருட்டாகவே இருந்தால், முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள் எத்தனை என்று அங்கே காவலில் இருப்பவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.