டோக்கன் எண் 84: ஒரு வங்கிக் கிளையின் புதிய வரிசை முறை

கணக்கில் பதிந்திருந்த கைபேசி எண்ணை மாற்றுவதற்காகச் சென்ற வாரம் என் வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். கவுண்டரில் அந்த வேலை 8 நிமிடங்களில் முடிந்தது. அதற்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அப்படியிருந்தும், அங்கே புதிதாக வைத்திருக்கும் டோக்கன் முறையை நான் பாராட்டவே விரும்புகிறேன்.

முன்பு ஒவ்வொரு கவுண்டருக்கும் தனித்தனி வரிசை இருந்தது. முன்னால் நிற்பவர் சிக்கலான வேலையோடு வந்திருந்தால், பின்னால் நின்றவர்கள் அவர் முதுகையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே வரிசை. எந்தக் கவுண்டர் காலியாகிறதோ அங்கே அடுத்த எண்ணை அழைக்கிறார்கள். ஒருவரால் ஏற்படும் தாமதம் எல்லோருக்கும் சிறிது சிறிதாகப் பங்கிடப்படுவதால், முன்பின் அறியாத ஒருவர்மீது எரிச்சல்படுவதற்கான காரணம் பெருமளவு குறைந்துவிடுகிறது.

என் எண் 84. நான் உட்காரும்போது பலகையில் 61 ஓடிக்கொண்டிருந்தது. 4 கவுண்டர்கள், ஒருவருக்கு ஏறத்தாழ 8 நிமிடங்கள் என்றால், 2 நிமிடத்துக்கு ஒருவர் வீதம் 46 நிமிடங்கள் ஆகும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு மனம் அடங்கிவிட்டது. வரிசையின் நீளத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-லேயே கணித முறையில் நிறுவிவிட்டார். அப்படியிருக்க, எந்திரமே உத்தேச நேரத்தைச் சீட்டில் அச்சிட்டுத் தரலாம். இங்கே தரும் சீட்டில் எண் மட்டுமே இருக்கிறது.

பெரிய குறை வேறொன்று. 79-க்குப் பிறகு பலகையில் திடீரென வேறு வரிசையைச் சேர்ந்த மூன்று எண்கள் தோன்றின. பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய்க் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் குரலை உயர்த்தினார். உண்மையைச் சொன்னால், நானும் எழுந்திருக்கத்தான் போனேன். அவை மூத்த குடிமக்களுக்கு உரிய முன்னுரிமை எண்கள் என்று காவலாளி சொன்ன பிறகு, கூடத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காரணம் தெரியாமல் காத்திருக்கும் 5 நிமிடங்கள், காரணம் தெரிந்து காத்திருக்கும் 20 நிமிடங்களைவிடக் கனமானவை. அந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால், தான் வகுக்காத விதிக்காக அந்தப் பெண் வசவு வாங்கியிருக்க மாட்டார். அவரோ கடைசிவரை தணிந்த குரலிலேயே பதில் சொன்னார். இந்தச் சேவையில் முழு மதிப்பெண் பெறத் தகுந்தவர் அவரே.

கூட்டம் பெருகினால் ஊழியரின் மந்தம்தான் காரணம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். முன்னறிவிப்பின்றி ஆட்கள் வந்துகொண்டிருக்கும் ஒற்றைக் கவுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: அங்கே இருப்பவர் தம் நேரத்தில் 80 விழுக்காடு வேலையில் இருக்கும்போது உள்ள சராசரிக் காத்திருப்பு, அது 90 விழுக்காடாக உயர்ந்ததும் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அவருடைய கை முன்பைப் போலவே விரைந்து இயங்கினாலும் வரிசை நீளத்தான் செய்யும்.

உத்தேச நேரத்தைச் சீட்டில் அச்சிட வேண்டும், முன்னுரிமை வரிசையைப் பற்றி அறிவிப்பு வைக்க வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் எழுதி மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதைக்கு 5-க்கு 3.5.