சிரட்டைக் கரியா, சக்கைக் கரியா, உமிக் கரியா? கன உலோக நீக்கத்தில் ஓர் ஒப்பீடு

தேங்காய்ச் சிரட்டை, கரும்புச் சக்கை, நெல் உமி போன்ற வேளாண் கழிவிலிருந்து செய்யப்படும் ஆக்டிவேட்டட் கார்பனை, அதாவது நீராவியாலோ வேதிப்பொருளாலோ துளைகள் திறந்து செயலூட்டப்பட்ட கரியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் பார்ப்பது அயோடின் எண்ணையும் (ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினை ஈர்க்கும் என்ற அளவு), ஒரு கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு என்பதையும்தான். நீரிலிருந்து வாடையையும் குளோரினையும் நீக்க இந்த அளவுகோல் ஓரளவு போதும். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களுக்கு இது பல சமயம் தவறான கரியையே கைகாட்டும். உலோக அயனி நீர் மூலக்கூறுகளைப் போர்த்தியபடி கரைசலில் திரிவதால், துளையில் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே தங்கிவிடாது. கரியின் பரப்பிலுள்ள கார்பாக்சில், பீனால் ஆகிய அமிலத் தொகுதிகள் தம் ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்து அந்த அயனியை ஏற்கும்போதுதான் அது உறுதியாகப் பிடிபடுகிறது.

தேங்காய்ச் சிரட்டைக் கரி வழக்கமாக 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியால் செயலூட்டப்படுகிறது. கிராமுக்கு 1000 சதுர மீட்டரை ஒட்டிய பரப்பு, பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைந்த நுண்துளைகள், மிகக் குறைந்த சாம்பல், எளிதில் நொறுங்காத குருணை என்று அதன் சிறப்புகள் பல. ஆனால் அந்த உயர்வெப்பமே அமிலத் தொகுதிகளில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. நைட்ரிக் அமிலத்தால் பின்னர் ஆக்சிஜனேற்றம் செய்து அவற்றை மீட்கலாம் என்றாலும், அதற்குப் பரப்பளவில் ஒரு பங்கை இழக்க நேரும்.

கரும்புச் சக்கையைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 400 முதல் 500 டிகிரியில் கரியாக்கினால், அமிலத் தொகுதிகள் பெருமளவு எஞ்சுவதோடு பாஸ்பேட் தொகுதிகளும் சேர்கின்றன. ஈயத்துக்கும் தாமிரத்துக்கும் நான் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வது இதைத்தான். இதன் குறை மென்மை: பொடியாகக் கலக்கித் தெளியவைக்கும் தொட்டிக்குப் பொருந்தும், நீர் இடைவிடாது பாயும் வடிகலத்தில் சிரட்டைக் குருணைக்கு ஈடாக நிற்காது. பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதிலாகத் துத்தநாக குளோரைடில் ஊறவைத்தாலும் நல்ல துளைகள் கிடைக்கும். ஆனால் கழுவியபின்னும் எஞ்சும் துத்தநாகம் நீரில் கசியக்கூடும் என்பதால், உலோகத்தை நீக்கும் பணிக்கு அதைத் தேர்வது எனக்கு விந்தையாகவே படுகிறது.

உமியில் 15 முதல் 20 விழுக்காடு சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. காஸ்டிக் சோடாவால் அதைக் கரைத்தெடுத்தால் துளைகள் திறக்கும். அந்தக் கூடுதல் வேலைக்கு வழியில்லாத இடத்தில் உமிக் கரிக்கு மூன்றாம் இடம்தான்.

இந்த வரிசையும் எல்லா உலோகத்துக்கும் பொருந்தாது. ஈயம், காட்மியம், தாமிரம் ஆகியவை நீரின் அமில-கார அளவான பிஎச் 5 முதல் 6 வரை நன்கு ஒட்டுகின்றன. அதற்குக் கீழே ஹைட்ரஜன் அயனிகள் போட்டியிடும், மிக மேலே சென்றால் உலோகம் ஹைட்ராக்சைடாக வீழ்படிவதால் கரியின் பங்கு எவ்வளவு என்றே சொல்ல முடியாது. அறு இணைதிற குரோமியமோ (குரோமியம் VI) எதிர்மின் அயனியாக இருப்பதால், பிஎச் 2 முதல் 3 வரையுள்ள அமில நீரில்தான், நேர்மின்னேற்றம் பெற்ற கரிப்பரப்பை நாடும். அங்கே காரத்தன்மை மிக்க நீராவிக் கரியையும் ஒதுக்க முடியாது. அந்த அமிலச் சூழலில் கரி அந்தக் குரோமியத்தின் ஒரு பகுதியை மூவிணைதிறக் குரோமியமாக (குரோமியம் III) ஒடுக்கிக் கரைசலுக்கே திருப்பிவிடுவதும் உண்டு; எனவே மொத்தக் குரோமியத்தை அளக்காத எந்த ஒப்பீட்டையும் ஐயத்துடனே படிக்க வேண்டும்.

காய்ச்சி வடித்த நீரில் ஒரே உலோகத்தைக் கரைத்துப் பெற்ற எண்களும் அப்படியே. உண்மையான கழிவுநீரில் கால்சியமும் மக்னீசியமும் அதே இடங்களுக்குப் போட்டியிடும். உலோகச் செறிவு மிகுந்த கழிவுநீருக்குச் சுண்ணாம்பால் வீழ்படிவாக்குவதே மலிவு. ஈயத்தை உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை நோக்கிக் குறைக்கும் கடைசிக் கட்டத்தில்தான் கரி தன் விலைக்கு வேலை செய்கிறது. நிறைவுற்ற கரியை நீர்த்த அமிலத்தால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் கழுவிய அமிலத்தில் உலோகம் செறிந்திருக்கும். கரியை எரித்தால் ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும், காட்மியமும் பாதரசமும் ஆவியாகிப் புகையோடு வெளியேறும்.